ஒரு ஆளுக்கு வெங்காய டார்ட்

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்கோங்க சார். எனக்கு இந்தச் சம்படத்தை மடியில வச்சுக்க இடம் இருந்தாப் போதும். ஆமா, வெங்காய வாசனைதான். ஏறும்போதே கண்டக்டர் ஒரு மாதிரி பாத்தார். துவரங்குறிச்சி தாண்டினா எல்லாருக்கும் பழகிடும்.

நீங்களும் மணப்பாறைதானா? அப்போ முழுசாவே சொல்லலாம். பொன்னமராவதியிலேர்ந்து இந்தப் பஸ்ல இது எனக்கு அஞ்சாவது ஞாயித்துக்கிழமை. என் சம்சாரம் கோவிச்சுக்கிட்டுப் போய் அவ தங்கச்சி வீட்ல உக்காந்திருக்கா. கூட்டிட்டு வரணும். சண்டை எதுக்குன்னு கேட்டா சிரிப்பீங்க. நான் அவளுக்குச் சமைச்சுப் போட்டேன் சார். அவ கேட்டதைத்தான் சமைச்சேன். கேட்டதைவிட இருபத்தேழு மடங்கு கூடவே சமைச்சேன். அதுக்குத்தான் கோவம்.

சமையல் வைரவன்னு எங்க பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நாப்பது வருசமா கல்யாணச் சமையல். சின்ன விசேஷம்னா நூத்தம்பது இலை, அதுக்குக் கீழே நான் கரண்டியைத் தொட்டதில்லை. கர்வம்னு நினைச்சுடாதீங்க. எனக்கு அளவே அங்கேதான் ஆரம்பிக்குது. ஐநூறு பேர் சாம்பாருக்கு உப்பு எத்தனை கைன்னு தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க, சொல்லுவேன். ரெண்டு பேருக்கு எவ்வளவுன்னு கேட்டா முழிப்பேன். லாரி ஓட்டறவன்கிட்ட மூணு சக்கர சைக்கிளைக் குடுத்தா ஓட்டுவானா? அது மாதிரி.

எங்களுக்கு ஒரே பொண்ணு, மங்கையர்க்கரசி. மாப்பிள்ளைக்கு பிரான்சுல வேலை. அவங்க இருக்கிற ஊர் பேரு என் வாயில நுழையாது. பொண்ணுக்குப் பேறுகாலம்னு தெய்வானை, அதான் என் சம்சாரம், தை மாசம் பிளேன் ஏறினா. ஆனியில திரும்பி வந்தா. நான் போகலை. தையில போனா மாசி, பங்குனி, வைகாசி முகூர்த்தமெல்லாம் யார் பாக்கிறது? பேரன் போட்டோ போன்ல வந்துச்சு, பாத்துக்கிட்டேன்.

வந்தவ ஒரு மாதிரியா இருந்தா. சும்மா சும்மா அடுப்படி ஜன்னல்கிட்ட போய் நிக்கிறா. அந்த ஜன்னலுக்கு வெளியே எங்க வீட்டுத் தண்ணித் தொட்டி தவிர வேற ஒண்ணும் கிடையாது. சரி, வெளிநாட்டுத் தண்ணி ஒத்துக்கலைபோலன்னு விட்டுட்டேன்.

அப்புறம் ஆடி வந்துச்சு. ஆடியில எனக்கு வேலை கிடையாது, வீட்ல இருப்பேன். கை நமநமன்னு இருக்கும். ஒரு நாள் பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன், பக்கத்துல வந்து நின்னா.

“மங்கை வீட்டுக்கு எதிர் வீட்ல ஒரு பெரியவர் இருந்தார். ஞாயித்துக்கிழமையானா வெங்காயத்துல ஒண்ணு செய்வார், அவர் சம்சாரத்துக்கு”ன்னா.

“என்ன ஐட்டம்?”னேன்.

“வெங்காய டார்ட்டுன்னு மங்கை சொன்னா. நாலு வெங்காயம் அரிஞ்சு, ஒரு மணி நேரம் நின்னுக்கிட்டே வதக்குவார். அதே மாதிரி எனக்கு ஒண்ணு செஞ்சு தாங்களேன்.”

முப்பத்திமூணு வருசத்துல அவ என்கிட்ட அது வேணும் இது வேணும்னு கேட்டதில்லை சார். நான் பேப்பரை மடிச்சு வச்சுட்டேன். ஒரு பிரெஞ்சுக்காரன் செய்யறதை இந்த வைரவன் செய்ய முடியாதா? உடனே மங்கைக்குப் போன் போட்டேன். அவ வரிசையாச் சொன்னா. மைதாவுல வெண்ணெயைக் குளிரக் குளிரப் பிசறி, தண்ணி தெளிச்சு மாவாக்கி, விரிச்சுத் தட்டுல ஒட்டணும். வெங்காயத்தை வெண்ணெயில சின்னத் தீயில வதக்கி, ஆறவச்சு, முட்டையும் பாலாடையும் அடிச்சுக் கலந்து, அந்த மாவுக்குள்ள ஊத்தி ஓவன்ல வைக்கணும். மேலே கொஞ்சம் ஜாதிக்காய் துருவணும். அவ்வளவுதான்.

“வெங்காயம் எத்தனை?”ன்னேன்.

“நாலுப்பா.”

“நாலு மூட்டையா?”

“நாலு வெங்காயம்பா. அதுவே ஆறு பேருக்குப் பத்தும். அம்மாவுக்கு ஒண்ணே ஒண்ணு செஞ்சு குடுங்க, போதும்.”

நாலு வெங்காயத்தை நான் தனியாப் பாத்ததே இல்லை சார். சரி, ஆறு பேருக்கு நாலுன்னா நூத்தம்பது பேருக்கு நூறு. பதினஞ்சு கிலோ. எதிர்பாராம வர்றவங்களுக்கு எப்பவும் ரெண்டு கிலோ கூடப் போடுவேன், அது என் வழக்கம். பதினேழு கிலோ வெங்காயம், ஏழு கிலோ மைதா, அறுபது முட்டை. ஆடி வெயில்ல வெண்ணெய் உருகுதுன்னு ஐஸ் பாளம் எறக்கி, அது மேல அண்டாவை வச்சுப் பிசறினோம். ஆக மொத்தம் இருபத்தெட்டு டார்ட்.

கொல்லையில செங்கல் அடுப்பு மூணு போட்டேன். மஞ்சள்ல பிள்ளையார் பிடிச்சு வச்சு, சூடம் காட்டி, பெரிய இருப்புச்சட்டியை ஏத்தினேன். செல்லையாவுக்குச் சொல்லி அனுப்பினேன். என்கிட்ட இருபத்தஞ்சு வருசமா வெங்காயம் அரியறவர். அவர் அரிஞ்சா அவர் கண்ணுல தண்ணி வராது, வெங்காயம்தான் அழும். வதங்க மூணு மணி நேரம் ஆச்சு. துடுப்புப் போட்டு மாத்தி மாத்திக் கிண்டினோம். மண்டவெல்லம் கலர் வந்துச்சு, தெரு முழுக்க வாசனை. சரியா அந்த நேரம் பாத்து செல்லையா ஒரு கூடை கறிவேப்பிலையை உருவிப் போட்டுட்டார். ஏன்யான்னு கேட்டா, “வெங்காயம் வதங்கிருச்சுல்ல மாஸ்டர்”ங்கறார். அவரை என்னத்தைச் சொல்ல? என் கையும் கடுகு டப்பாவுக்குத்தான் போய்க்கிட்டிருந்துச்சு.

ஓவனுக்கு சிக்கந்தர் பாய் ரொட்டிக்கடை. பன்னு வைக்கிற தட்டுலயே மாவை ஒட்டி வேகவச்சுக் குடுத்தார்.

இப்போ நூத்தம்பது பேருக்குச் சமைச்சாச்சு, நூத்தம்பது பேர் வேணுமே. தெருவுல எல்லா வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். பந்தல் போட்டேன். இலையில ஒரே ஒரு ஐட்டத்தை வச்சா மரியாதையாவா இருக்கும்? சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், பூசணிக்காய்க் கூட்டு, ரெண்டு பொரியல், பால் பாயசம். டார்ட்டை வடை வைக்கிற இடத்துல வச்சோம். சாப்பிட வந்த ஒருத்தர் மணமக்கள் எங்கேன்னு தேடினார். என் சம்சாரம் ஆசைப்பட்டுக் கேட்டான்னு சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரலை, மறைக்கிறேன்னு நினைச்சுட்டார்.

தெய்வானையா? அவ உள்ள இலை கழுவிக் குடுத்துக்கிட்டிருந்தா. நாம வீட்டுக்காரங்க, நாம கடைசிப் பந்தியிலதானே உக்கார முடியும்? முதல் பந்தியில நம்மாளுங்க உக்காந்தா நாலு பேர் என்ன பேசுவாங்க? அதெல்லாம் நான் ரொம்பக் கண்டிப்பு. மூணாவது பந்தியில அவளை உக்காரச் சொன்னேன். செல்லையா பரிமாறிக்கிட்டு வந்தார்.

“எனக்கு டார்ட்டு வைக்கலையே”ன்னா.

“தீந்துருச்சும்மா. போஸ்ட் ஆபீஸ்காரரு மட்டும் மூணு வாங்கினாரு.”

நான் பக்கத்துலதான் நின்னேன். சிரிச்சேன் சார். ஒரு ஐட்டம் கடைசிப் பந்திக்கு மிச்சமில்லைன்னா சமையக்காரனுக்கு அதைவிட என்ன பெருமை வேணும்? அவளும் சந்தோஷப்படுவான்னுதான் பாத்தேன். அவ கூட்டைப் பிசைஞ்சு சாப்பிட்டா. கை கழுவினா. மூணு மணிக்குப் பையோட வாசல்ல நிக்கிறா.

“எங்கே கிளம்பிட்டே?”

“சௌந்தரம் வீட்டுக்கு.” மணப்பாறையில இருக்கிற அவ தங்கச்சி.

“எப்போ வருவே?”

“எனக்கு ஒண்ணு செஞ்சு குடுத்தீங்கன்னா வர்றேன்.”

“இருபத்தெட்டு செஞ்சேனே”ன்னேன்.

திரும்பிக்கூடப் பாக்கலை. எம் மேல தப்பு இருந்தாச் சொல்லுங்க சார்.

ஒரு வாரம் போச்சு. பத்து நாள் போச்சு. போன் போட்டா சௌந்தரம் எடுத்து அக்கா குளிக்கிறாங்கங்கறா. எந்நேரமும் குளிச்சுக்கிட்டே இருக்க அவ என்ன மீனா? சரி, இவ்வளவு தூரத்துக்கு வந்துட்டா, நாமளே இறங்கிப் போவோம்னு இன்னொரு தரம் செஞ்சேன். இந்தத் தரம் ரொம்பக் கையைக் கட்டிக்கிட்டு, பன்னெண்டே பன்னெண்டு. கறிவேப்பிலை போடவிடலை. செல்லையாகிட்ட குடுத்து வேன்ல அனுப்பினேன். அன்னிக்கு சாயங்காலமே பன்னெண்டும் திரும்பி வந்துச்சு. “இங்கே பந்தி போட இடமில்லைன்னு சொல்லச் சொன்னாங்க மாஸ்டர். அந்தப் பெரியவர் தட்டுல எப்பவும் ஒண்ணுதான் இருக்குமாம்”னு செல்லையா வந்து நிக்கிறார்.

அப்போதான் எனக்கு ரோஷம் வந்துச்சு. ஒண்ணுன்னா ஒண்ணு. செஞ்சு காட்டறேன்னு சனிக்கிழமை நாலு வெங்காயம் வாங்கினேன். கடைக்காரர் நாலையும் நிறுத்துட்டு, “உடம்பு கிடம்பு சரியில்லையா மாஸ்டர்?”ன்னு கேட்டார்.

ஒரு வெங்காய டார்ட்டுக்கு செங்கல் அடுப்பு போட முடியாதுங்க. பெரிய சட்டியில நாலு வெங்காயத்தைப் போட்டா சட்டி சுடறதுக்குள்ள அது கரியாப் போகுது. வேற வழியில்லாம ஞாயித்துக்கிழமை காலையில எங்க வீட்டு அடுப்படிக்குள்ள போனேன். சத்தியமாச் சொல்றேன், அதுக்குள்ள நான் தண்ணி குடிக்கப் போயிருக்கேன், சமைக்கப் போனதில்லை. எந்தச் சாமான் எங்கே இருக்குன்னு ஒண்ணும் புரியலை. தெய்வானைக்குப் போன் போட்டேன். அன்னிக்கு அவ குளிக்கலை.

“உப்பு எங்கே இருக்கு?”

“அடுப்புக்கு மேல, இடது பக்கம், பச்சை மூடி.”

“இந்த இடது அடுப்பு எரிய மாட்டேங்குது.”

“அது ஒன்பது மாசமா எரியலை. வலது பக்கத்தைப் பத்த வைங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னேன். நீங்க ஆலங்குடி கல்யாணத்துக்குக் கிளம்பிக்கிட்டிருந்தீங்க.”

ஆலங்குடி கல்யாணம் பெரிய கல்யாணம் சார். ரெண்டாயிரம் இலை. அப்புறம் சின்ன வாணலி எதாவது இருக்கான்னு கேட்டேன்.

“கீழ்த் தட்டுல பாருங்க. அதுலதான் நான் இத்தனை வருசமா எனக்குச் சமைச்சுக்கிறேன்”னா.

எடுத்துப் பாத்தேன். நல்ல வாணலி சார், கனமான இரும்பு. ஒரு ஆளுக்குன்னே அளவெடுத்து வாங்கின மாதிரி இருந்துச்சு. நீ நல்ல வாணலிதான் வச்சிருக்கேன்னு பாராட்டினேன்.  வாணலியை விடுங்க, வெங்காயத்தைப் போடுங்கன்னா.

வெங்காயம் வதங்கற வரைக்கும் போனை அவ வைக்கவே இல்லை. தீயைக் குறைங்க, ஓரத்துல பிடிக்குது பாருங்க, இப்போ கிண்டுங்கன்னு ஒரு மணி நேரம் உயிரை எடுத்துட்டா. நடுவுல அந்தப் பெரியவரைப் பத்தி வேற. அவர் ஒரு நீல ஏப்ரன் கட்டியிருப்பாராம். கிண்டிக்கிட்டே ஏதோ சொல்லுவாராம், உக்காந்திருக்கிற அந்தம்மா சிரிக்குமாம். எனக்கு எதுக்கு சார் அதெல்லாம்? நான் ரெசிப்பி கேட்டா அவ சிரிப்பைச் சொல்றா. ஆனா ஒண்ணு, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவளும் நானும் போன்ல ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேசினதில்லை. மண்டபம் சேந்துட்டேன்னு சொல்லுவேன், வச்சுடுவேன்.

சிக்கலே உப்புதான். எங்க தொழில்ல அடுப்புல இருக்கிறதை நாக்குல வச்சுப் பாக்க மாட்டோம். பந்திக்கு முன்னாடி ருசி பாத்தா அது எச்சில். வாசனையை வச்சே உப்பு சொல்லிடுவேன், பெரிய அண்டாவுல கொதிக்கிறப்போ ஆவி மூஞ்சியில வந்து அடிக்கும், அதுல தெரிஞ்சுடும். இந்தச் சின்ன வாணலியில ஆவி எங்கே வருது? ஒரு கை அள்ளினேன். ரொம்ப அதிகம்னு பட்டுச்சு. திருப்பிக் கொட்டிட்டு விரல் நுனியில எடுத்துப் போட்டேன். அது பத்துச்சா பத்தலையான்னு சாமிக்குத்தான் தெரியும்.

சிக்கந்தர் பாய் காலைப் பன்னை எறக்கிட்டு, இருநூறு பன்னு வேகற ஓவன்ல இது ஒண்ணை மட்டும் நடுவுல வச்சார். எட்டி எட்டிப் பாத்தார். “மத்ததெல்லாம் எங்கே மாஸ்டர்?”

“இவ்வளவுதான் பாய்.”

அவர் ஆறுதலா என் தோள்ல கையை வச்சார்.

அதை இதே சம்படத்துல வச்சு, இதே பஸ்ல கொண்டு போனேன். சௌந்தரம் வீட்டுக் கூடத்துல தெய்வானை பாய் விரிச்சு உக்காந்திருந்தா. நான் சம்படத்தைத் திறந்து முன்னாடி வச்சேன். எட்டிப் பாத்தா. “ஒண்ணா?”ன்னா. “ஒண்ணுதான்”னேன். சௌந்தரம் உடனே நாலு தட்டு எடுத்துட்டு வந்தா. தெய்வானை ஒரே ஒரு தட்டை மட்டும் வாங்கிக்கிட்டா.

சாப்பிட ஆரம்பிச்சா சார். உங்களுக்கு இது பெரிசாத் தெரியாது. நான் நாப்பது வருசத்துல லட்சம் பேருக்குச் சமைச்சிருப்பேன், ஒருத்தர் சாப்பிட்டும் பாத்ததில்லை. நான் கொட்டகையில அடுப்போட நிப்பேன். பந்தி முடிஞ்சு இலை வெளியே வரும், அதுல என்ன மிச்சம் இருக்குன்னு பாப்பேன், அதுதான் எனக்கு மார்க்கு. இவ சாப்பிடறதையும் பாத்ததில்லை. இடது கையால முந்தானையைச் சேத்துப் பிடிச்சுக்கிட்டு, சின்னச் சின்னதாப் பிட்டு, ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை லேசா மூடிக்கிறா. சின்னப் புள்ளை மாதிரி. அவ வாயோட சேந்து என் வாயும் அசைஞ்சுது. பசியா இருக்கும்னு நினைச்சேன்.

பாதி முடிஞ்சதும் தாங்க முடியாம கேட்டேன். “அந்தப் பெரியவர் செஞ்ச மாதிரி இருக்கா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”னா.

“நீ சாப்பிட்டிருக்கேல்ல?”

“அவர் எனக்கா செஞ்சார்? அவங்களுக்குச் செஞ்சார். நான் இந்தப் பக்கம் பால்புட்டி கழுவிக்கிட்டே ஜன்னல் வழியாப் பாப்பேன். அவ்வளவுதான்.”

எப்படி இருக்கும் எனக்கு? ருசியே தெரியாத ஒரு ஐட்டத்துக்கு இருபத்தெட்டும் பன்னெண்டும் நாப்பது டார்ட்டு செஞ்சிருக்கேன், பந்தல் போட்டிருக்கேன். “அப்போ நீ என்னத்தைத்தான் கேட்டே?”ன்னு கத்திட்டேன். அவ மிச்சத்தையும் சாப்பிட்டா. ஆறு பேர் சாப்பிடற ஐட்டம் சார் அது. தங்கச்சிக்கு ஒரு துண்டு குடுக்கலை. எனக்கு ஒரு வாய் குடுக்கலை. ஓரத்துல ஒட்டியிருந்த துணுக்கைக்கூட வழிச்சு எடுத்துட்டு, கையைத் துடைச்சுக்கிட்டு என்னை நிமிந்து பாத்தா.

“உப்பு கம்மி”ன்னா.

நாப்பது வருசத்துல ஒருத்தன் அந்த வார்த்தையை என்கிட்ட சொன்னதில்லை.

“சரி, கிளம்பு. வீட்டுக்குப் போலாம்.”

“அடுத்த ஞாயித்துக்கிழமை உப்பைச் சரியாப் போட்டுக் கொண்டு வாங்க. அப்போ பாக்கலாம்.”

அதோட பிடிச்சுது சார் சனி. ஆவணி பிறந்துடுச்சு, ஞாயித்துக்கிழமையெல்லாம் முகூர்த்தம். வீடு தேடி வர்றவங்களை, அன்னிக்கு வேற இடத்துல ஒத்துக்கிட்டேன்னு திருப்பி அனுப்பறேன். எத்தனை இலைன்னு கேக்கறாங்க. என்னத்தைச் சொல்ல?

ரெண்டாவது வாரம் உப்பு கூடிப்போச்சு. மூணாவது வாரம் அடி தீஞ்சுபோச்சு, அதையும் முழுசாச் சாப்பிட்டுட்டுத்தான் குறை சொன்னா. அவ சாப்பிட முக்கால் மணி நேரம் ஆகும். அது வரைக்கும் நான் எதிர்ல உக்காந்திருக்கணும், எந்திரிச்சா முறைக்கிறா. சாப்பிட்டுக்கிட்டே என்னென்னமோ சொல்றா. இடது முழங்கால்ல வலியாம், ரெண்டு வருசமா இருக்காம். பிளேன்ல கழிவறைக் கதவை எப்படித் திறக்கிறதுன்னு தெரியாம பத்து மணி நேரம் அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தாளாம். அதைச் சொல்லிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிக்கிறா. நானும் சிரிச்சுட்டேன், கோவமா இருக்கோம்ங்கறது மறந்துபோச்சு.

பாயசம் விஷயம் கேளுங்க. ஒவ்வொரு கல்யாணத்துலேர்ந்தும் அவளுக்குன்னு ஒரு தூக்கு பாயசம் கொண்டு வருவேன். எவ்வளவு அலுப்பா இருந்தாலும் மறக்க மாட்டேன். அவளுக்குப் பாயசமே பிடிக்காதாம். முப்பத்திமூணு வருசமா பால்காரர் மாட்டுக்குத்தான் ஊத்தியிருக்கா. “ஏன் சொல்லலை?”ன்னு கேட்டா, “நீங்க குடுத்துட்டுத் தூங்கிடுவீங்க”ங்கறா. அந்த மாட்டைப் பாத்திருக்கேன் சார், நல்லாக் கொழுகொழுன்னு இருக்கும்.

நாலாவது வாரம், அதாவது போன ஞாயித்துக்கிழமை, உப்பு வந்துடுச்சு. எனக்கு வதக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. எப்படின்னா, வெக்கத்தை விட்டுச் சொல்றேன், நாக்குல வச்சுப் பாத்தேன். பந்தி இல்லையே, ஒருத்திதானே, எச்சில்னா இருந்துட்டுப் போகட்டும்னு தோணிச்சு. அவ சாப்பிட்டா. உப்பைப் பத்திப் பேச்சே இல்லை. கடைசியில கட்டைவிரலை நாக்குல வச்சுத் துடைச்சுக்கிட்டு, “அடுத்த ஞாயித்துக்கிழமையும் இதே மாதிரி கொண்டு வாங்க. பையை எடுத்து வச்சுடறேன். கூடவே வந்துடறேன்”னா.

அந்த ஞாயித்துக்கிழமைதான் சார் இன்னிக்கு. வீட்டைப் பெருக்கி வச்சுட்டேன். இடது அடுப்பை ஆள் வச்சுச் சரிபண்ணிட்டேன். அவ வந்து பாத்தா ஒரு குறை சொல்ல முடியாது.

காலையில வெங்காயம் வதங்கிக்கிட்டிருக்கு. போன்ல இருக்கா, வழக்கம்போல. மாவு நல்லாப் படிஞ்சிருக்கு, தீ சரியா இருக்கு, கலர் அருமையா வந்திருக்கு. பச்சை மூடியைத் திறந்து மூணு விரல்ல உப்பை எடுத்தேன். “உப்பு போட்டாச்சா?”ன்னு கேட்டா.

“போட்டாச்சு”ன்னேன்.

உப்பு விரல்லதான் இருந்துச்சு சார். கொஞ்ச நேரம் அதைப் பாத்துக்கிட்டே நின்னேன். அப்புறம் திரும்ப டப்பாவுலயே போட்டு மூடிட்டேன். இதுல ஒரு கல் உப்பு கிடையாது. வாயில வச்சாலே தெரிஞ்சுடும் அவளுக்கு. பையைத் திரும்ப உள்ள வச்சுடுவா.

ஏன்னு நீங்க கேக்கறீங்க. நாப்பது வருசமா என்னை எனக்குத் தெரியாதா? இன்னிக்கு அவ வீட்டுக்கு வந்துட்டான்னு வைங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை ஆவணியில பெரிய முகூர்த்தம், திருமயத்துக்காரங்க ரெண்டு தரம் ஆள் அனுப்பிட்டாங்க. வீட்லதானே இருக்கா, வந்து செஞ்சு குடுத்துக்கலாம்னு கிளம்பிப் போயிடுவேன் சார். கண்டிப்பாப் போயிடுவேன்.

மணப்பாறை வந்துடுச்சுபோல. கொஞ்சம் வழி விடுங்க, கூட்டம் ஏறதுக்குள்ள இறங்கிடறேன். அவ வாசல்லயே நின்னுக்கிட்டிருப்பா.